எண்பது ரூபாயில் பதினாறு

குற்ற வழக்குகளுக்குப் புதிதாக வரும் இளம் வக்கீல்களுக்கு, ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவரின் திறந்த மடல்

அன்புள்ள ஜூனியர்களுக்கு,

நேரில் பார்த்திருந்தால் ‘சார்’ என்றோ ‘மேடம்’ என்றோதான் கூப்பிட்டிருப்பேன். முப்பத்தெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு நாக்கு வேறு மாதிரி புரளாது. கோட்டு போட்டவர் என் பேத்தி வயசுப் பிள்ளையாக இருந்தாலும் எழுந்து நின்றுதான் கேஸ் கட்டைக் கையில் கொடுப்பேன். இப்போது கட்டு சுமக்கிற வேலை இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை உங்கள் சீனியர்களுக்கு எழுதவில்லை. நான் சொல்லப்போவது அவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் செய்யாமலே பழகிப்போனது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். இன்னும் பழகாதவர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

ஒரே வாரத்தில் ஊரில் இரண்டு சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் லாரியில் அடிபட்டுச் செத்தார், இன்னொருவர் அரிவாள் வெட்டில். இரண்டு உடலும் ஒரே அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில்தான் கிடக்கும். லாரியில் அடிபட்டவர் வீட்டுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் நாலு பேர் போய் நிற்பார்கள். “எம்.சி.ஓ.பி. போட்டுடலாம், இன்ஷூரன்ஸ் இருக்கு, நீங்க ஒரு பைசா செலவழிக்க வேணாம்” என்பார்கள். எம்.சி.ஓ.பி. என்பது விபத்து இழப்பீட்டு மனு. செத்தவருக்கு என்ன வயசு, என்ன வருமானம், அவரை நம்பி எத்தனை பேர், எதை எதால் பெருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி, நம்பரே தெரியாது என்றாலும்கூட வழி இருக்கிறது. அப்படிப்பட்ட சாவுக்கு முன்பு 25,000 ரூபாய் இருந்தது, 2022 ஏப்ரல் முதல் இரண்டு லட்சமாக ஆனது.

வெட்டுப்பட்டவர் வீட்டுக்கு எந்த வக்கீலும் போகமாட்டார். போலீஸ் போகும். பிறகு சாட்சி சம்மன் போகும்.

காரணம் ரகசியமில்லை. லாரிக்குப் பின்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி நிற்கிறது. வருகிற தொகையில் ஃபீஸும் வரும். அரிவாளுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பு தப்பு. 2009 டிசம்பர் 31-லிருந்து தப்பு. அன்றைக்குத்தான் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 357ஏ பிரிவு அமலுக்கு வந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் அவரை நம்பியிருந்தவர்களுக்கும் இழப்பீடு கொடுக்க ஒவ்வொரு மாநிலமும் திட்டமும் நிதியும் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டுத் திட்டம் 2013 நவம்பரில் வந்தது. இப்போது புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் அது 396-ஆம் பிரிவு. நம்பர் மாறியிருக்கிறது. கதவு அதே கதவுதான், தட்டுகிறவர்கள்தான் குறைவு.

இனி என் கதைக்கு வருகிறேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

2011-இல் நடந்த கொலை. வரப்புத் தகராறு. பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள், சொந்தமும்கூட. மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் ஒருவர் செத்துப்போனார். நாங்கள் எதிரி தரப்பு. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: கோர்ட்டுத் தமிழில் ‘எதிரி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது எங்கள் கட்சிக்காரர். அவர் குடும்பம் தகராறுக்குக் காரணமான அந்த வயலையே விற்றுத்தான் எங்களுக்கு ஃபீஸ் கொடுத்தது. ரசீது எழுதியது நான்.

2014-இல் தீர்ப்பு. கொலைக் குற்றம் நிற்கவில்லை, கொலையாகாத மரணக் குற்றமான 304 முதல் பாகத்தில் வந்து நின்றது. பத்து வருஷம் கடுங்காவல், ஐயாயிரம் ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் ஆறு மாதம் மெய்க்காவல். எங்களுக்கு அது பாதி வெற்றி. சீனியர் முகத்தில் களை இருந்தது.

வராந்தாவில் செத்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன். மடியில் மஞ்சப்பை. உள்ளே சம்மனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். மூன்று வருஷ வாய்தாவில் அந்தக் கவர் பழுப்பாகியிருந்தது. அரசுத் தரப்பு வக்கீல் அடுத்த கோர்ட்டுக்குப் போய்விட்டார். என் கையில் காகிதம் இருந்ததைப் பார்த்து அந்தம்மா எழுந்து வந்தார்.

“ஐயா, எனக்கு என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க.”

பத்து வருஷம் தண்டனை என்றேன். “அது அவருக்கு. எனக்கு என்ன எழுதியிருக்கு?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. “அந்த அஞ்சாயிரம் எனக்கா?” என்று கேட்டார். இல்லம்மா, அபராதம் கவர்மென்டுக்குப் போகும் என்றேன். அந்தம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

“கவர்மென்டு வீட்டுலயா எழவு விழுந்துச்சு?”

பையனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். 

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருந்தது. பழைய 357-ஆம் பிரிவின்படி அந்த ஐயாயிரத்தையே அந்தம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி நீதிபதி எழுதியிருக்கலாம். அபராதமே விதிக்காத வழக்கிலும் இழப்பீடு என்று தனியாக ஒரு தொகை விதிக்கலாம். இது 1973-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருந்தது. 1988-இல் ஹரி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கீழ்க்கோர்ட்டுகள் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அடிபட்டுப் பேச்சுத் திறனை இழந்த ஒருவருக்கு உயர் நீதிமன்றம் கொடுத்த இழப்பீட்டை 50,000 ரூபாய் ஆக்கியது. எங்கள் வழக்கில் தீர்ப்பு வருவதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 2013 மே மாதம், அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கும் வந்துவிட்டது.

அந்த வழக்கைக் கட்டாயம் படியுங்கள். தீர்ப்புக்காக மட்டுமில்லை, அதன் கதைக்காகவும். மகாராஷ்டிரத்தில் ஒருவர் இரவில் தன் வயலில் பயிருக்குக் காவல் இருக்கிறார். அந்த வழியாக மூன்று பேர் போகிறார்கள். நாய் குரைக்கிறது. ஒருத்தன் கையிலிருந்த இரும்புக் குழாயால் நாயை அடிக்கிறான். ஏன்டா அடிக்கிறாய் என்று இவர் கேட்கிறார். வாய்த்தகராறு முற்றி, அதே குழாய் இவர் தலையில் இறங்குகிறது. அவ்வளவுதான் காரணம். இது நடந்தது 1999-இல். 2013-இல் நீதிபதி டி.எஸ். தாக்கூர் எழுதிய தீர்ப்பு, ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு கொடுக்கலாமா என்று கோர்ட்டு யோசித்தே ஆக வேண்டும், கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும் என்றது. ‘கொடுக்கலாம்’ என்று சட்டத்தில் இருப்பது அதிகாரம் மட்டுமில்லை, கடமையும்கூட என்றது.

கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் இதைப் பார்க்கவே இல்லை என்று வருத்தப்பட்டுவிட்டு, இத்தனை வருஷம் கழித்து வழக்கைத் திருப்பி அனுப்புவதும் சரியாகாது, இனியாவது கோர்ட்டுகள் கவனமாக இருக்கட்டும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஊரில் உள்ள எல்லா விதவைகளுக்கும் வழிகாட்டிய தீர்ப்பு, அந்த நாய்க்காரர் வீட்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிந்திக் கேட்டால் உச்ச நீதிமன்றமே வந்தாலும் இப்படித்தான் ஆகும் என்று மட்டும் புரிந்தது.

எங்கள் வழக்கிலும் இழப்பீட்டுப் பத்தி இல்லை. நீதிபதியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு அவர் மேஜைக்குப் போனது என்று அடுக்கி வைத்தவர்களில் ஒருத்தனான எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவர் எழுதவில்லை. அரசுத் தரப்பு வக்கீலுக்குத் தண்டனை வாங்குவதே பெரும்பாடு. நாங்கள் எதிரி தரப்பு, எங்கள் வாயால் எப்படிக் கேட்பது? வராந்தாவில் வைத்து, “சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு போடும்மா, இதே காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கு” என்று என்னால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. எதிர்த்தரப்பு ஆளோடு பேசக் கூடாது என்கிற தொழில் புத்தி.

2021-இல் ஒருநாள் காலையில் எங்கள் கட்சிக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தண்டனையில் கழிவெல்லாம் போக விடுதலையாகி வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஆரஞ்சுப் பழம் ஒரு பை. திண்ணையில் உட்கார்ந்து உள்ளே நடந்த கதையெல்லாம் சொன்னார். தறி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் பேச்சுக்கு, “கூலி எவ்வளவு குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

அவர் சொன்ன கணக்கு இது. உள்ளே போன காலத்தில் மூன்று தரம். வேலை தெரியாதவருக்கு ஒரு நாளைக்கு அறுபது ரூபாய், ஓரளவு தெரிந்தவருக்கு எண்பது, நன்றாகத் தெரிந்தவருக்கு நூறு. இவருக்கு எண்பது. அதில் பாதி, நாற்பது ரூபாய், சாப்பாடு துணிமணிக்கு என்று அரசு எடுத்துக்கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு, பதினாறு ரூபாய், பாதிக்கப்பட்டவர் நிதிக்குப் போகும். மிச்சம் இருபத்துநாலு இவருக்கு. அதில் கேன்டீன் செலவு போக அம்மாவுக்கு மணியார்டர்.

அந்தப் பதினாறு ரூபாயைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. “மாசம் நானூறு ரூபா கிட்ட புடிப்பாங்கண்ணே. நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. அது அக்கா கைக்குத்தானே போவுதுன்னு நெனைச்சுக்குவேன். பையன் படிப்புக்கு ஆகும்ல?”

அக்கா என்று அவர் சொன்னது செத்தவர் மனைவியை.

நான் ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூலியிலிருந்து பிடித்த பணம் பொது நிதிக்குத்தான் போகும். அதிலிருந்து தானாக யார் வீட்டுக்கும் நடந்து போகாது. ஆளைத் தேடி, விசாரித்து, பரிந்துரை ஆகி, பிறகுதான் வரும். அந்தம்மாவை யாரும் தேடிப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தபோது அவரே சொல்லியிருந்தார், “கொன்னவனுக்கு உள்ள மூணு வேளை சோறு, கூலி வேற குடுக்குறாங்களாம். இங்க நான் நூறு நாள் வேலைக்கு மண்ணு சுமக்குறேன்.”

இவர் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறார், அவர் வேறொன்றை நம்பிக்கொண்டிருக்கிறார். இரண்டும் முழு உண்மையில்லை என்று தெரிந்த ஆள் நடுவில் நான் ஒருத்தன்.

டீக்கடையில் நீங்களும் அந்தம்மா பேச்சைக் கேட்டிருப்பீர்கள். கைதிக்கு ஏன் அரசுப் பணம்? நியாயமான கோபம்தான், ஆனால் அது போய் விழுகிற இடம் சரியில்லை. முதலில், உள்ளே இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை, கடுங்காவல் வேலையும் அவர்களுக்குக் கிடையாது. தண்டனை பெற்றவருக்குக் கூலி கொடுப்பது இரக்கத்தால் இல்லை. அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. கடுங்காவல் என்றால் வேலை வாங்கலாம், ஆனால் சும்மா வாங்கலாமா என்ற கேள்வி பல உயர் நீதிமன்றங்களில் சுற்றி, 1998-இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. நீதிபதி கே.டி. தாமஸ், நியாயமான கூலி கொடுக்க வேண்டும், சாப்பாடு உடுப்புச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்றார். அதே தீர்ப்பிலேயே, கூலியில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். கைதியின் கூலியும் பாதிக்கப்பட்டவர் பங்கும் ஒரே தீர்ப்பில் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றை வெட்டினால் மற்றதும் செத்துவிடும்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அறுபது ரூபாய்க் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு பன்னிரண்டு ரூபாய். கூலி முந்நூறு என்றால் அறுபது. கைதிக்குக் குறைத்துக் கொடு என்று கத்துகிறவர், தெரியாமல் அந்தம்மா பங்கையும் சேர்த்துத்தான் குறைக்கிறார். என்னைக் கேட்டால், வெளியில் உள்ள கூலியையே உள்ளேயும் கொடுங்கள், பங்கைத் தாராளமாகப் பிடியுங்கள், பிடித்ததை அதே வழக்கின் குடும்பத்துக்கு அனுப்புங்கள் என்பேன். ஜெயிலில் தைக்கிற கோப்பு அட்டைகள் அரசு அலுவலகங்களுக்கும் கோர்ட்டுகளுக்கும் வருகின்றன. பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான் என்று பேப்பரில் படித்தேன். கொரோனா காலத்தில் அங்கே பெரும்பாலானவர்களுக்கு அரசு நிவாரணப் பணம் கொடுத்தது. கைதிகளுக்குக் கிடையாது என்று வருமான வரித் துறை சொன்னது. சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை என்று 2020-இல் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி சொல்லிவிட்டார். பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் 2013-இல் குண்டு வைத்து மூன்று பேரைக் கொன்று, 260-க்கும் மேற்பட்டவர்களைக் காயப்படுத்திய ஜோக்கர் சர்னயேவ் கணக்கிலும் 1,400 டாலர் வந்து விழுந்தது. நாடே கொதித்தது. அவன் கட்ட வேண்டிய இழப்பீடு பத்துக் கோடி டாலருக்கு மேல். அதுவரை கட்டியிருந்தது சுமார் 2,200 டாலர். கணக்கிலோ 3,900 டாலர் அளவுக்குப் பணம், அதில் ஊர் பேர் தெரியாதவர்கள் அனுப்பியதும் உண்டு. 2022 ஜனவரியில் அரசு வக்கீல்கள் கேட்க, நீதிபதி அதை எடுக்கச் சொன்னார்.

எடுத்தது சரி. கொன்றவன் கேன்டீனில் செலவு செய்ய, காலை இழந்தவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பத்துக் கோடிக்கு 3,900 எந்த மூலைக்கு? அங்கே பாதிக்கப்பட்டவர்களைத் தூக்கி நிறுத்தியது அவன் கணக்கில் இருந்த பணம் இல்லை. குண்டு வெடித்த சில மாதங்களுக்குள் ஒரு பொது நிதி ஆறு கோடி டாலர் அளவுக்குத் திரட்டிப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. கைதி கொடுப்பது நியாயத்துக்காக. அடுத்த மாத வீட்டு வாடகைக்கு வேறு ஒரு கை வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் டீக்கடையில் சத்தம் அதிகமாகவும் வராந்தாவில் மனு குறைவாகவும் இருக்கிறது.

இன்னொன்று. பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. கட்சிக்காரர் வந்து போன அடுத்த வாரம் மனசு கேட்காமல் அந்தம்மாவைத் தேடிப் போனேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டது எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. பதினாறு ரூபாய்க் கதையைச் சொன்னேன். பேசாமல் கேட்டார். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, “கொன்னவன் காசுல எம்புள்ள சோறு தின்னணுமா?” என்றார். பையன் அப்போது ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது.

இது அவன் காசு இல்லை, அரசுத் திட்டம், உங்களுக்குச் சட்டப்படி உள்ள பாத்தியதை என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. இப்படிச் சொல்வதற்கு ஒரு ஆள் 2014-இலேயே போயிருந்தால் அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். பெரிய வேலை இல்லை.

பாதிக்கப்பட்டவர் சார்பில் வக்கீல் ஆஜராகி அரசுத் தரப்புக்கு உதவலாம் என்று 2008 திருத்தத்திலிருந்தே இருக்கிறது, இப்போது பி.என்.எஸ்.எஸ்.-இல் 18-ஆம் பிரிவில் அது இருக்கிறது. லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் எந்தக் கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்றது. ஆகவே வக்காலத்து போட இடம் இருக்கிறதா என்று தயங்காதீர்கள். வாதம் முடிகிற நாளில் இழப்பீடு கேட்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மெமோ போடுங்கள். செத்தவர் வயசு, வருமானம், நம்பியிருந்தவர்கள், ஆஸ்பத்திரிச் செலவு. எம்.சி.ஓ.பி.யில் எழுதுகிற அதே விவரம்தான். அந்த மெமோ கட்டில் இருந்தால் நீதிபதி அதைத் தாண்டிப் போக முடியாது. காரணம் எழுத வேண்டியிருக்கும். கொடுத்தது குறைவு என்றால் மேல்முறையீடு போகலாம், 413-ஆம் பிரிவு. அபராதத்திலிருந்து கொடுக்கச் சொன்ன பணம் எதிரியின் மேல்முறையீடு முடியும்வரை கைக்கு வராது என்பதையும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அமுக்கிவிட்டதாக நினைப்பார்கள்.

அரசு நிதிக்கோ தீர்ப்புவரை காத்திருக்க வேண்டாம். 2014-இல் ஹரியானாவின் சுரேஷ் வழக்கில், இடைக்கால இழப்பீட்டைக் கோர்ட்டே முன்வந்து பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கிலும் மனுப் போடலாம். எதிரி விடுதலையானாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்றால் கோர்ட்டு பரிந்துரைக்கலாம். இது பல பேருக்குத் தெரியாது. ‘கேஸ் தோத்துப்போச்சு, இனி என்ன’ என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மனு வந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு 2018 அக்டோபர் முதல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தனித் திட்டம் இருக்கிறது, உயிரிழப்புக்குக் குறைந்தது ஐந்து லட்சம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை என்றால் கணக்கே வேறு. 2016 விதிப்படி கொலைக்கு எட்டேகால் லட்சம், பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும். அங்கே தீர்ப்பு வரை நிற்க வேண்டிய பேச்சே இல்லை. ஒரு சட்டத்தில் முடிகிற காரியம் மற்றதில் ஏன் முடியவில்லை என்று உங்களில் யாராவது ஒரு ரிட் போட்டுக் கேட்டால் நான் சந்தோஷப்படுவேன்.

இதில் ஃபீஸ் வராது என்று சீனியர் சொல்வார். பெரிதாக வராதுதான். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் பேர் கொடுத்தால் சின்னதாக ஏதோ வரும். அதற்கு மேல் பொய்ச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியாது.

எதிரி தரப்பில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் அப்போது என்னையே கேட்டுக்கொண்டேன். அரசு நிதியிலிருந்து வருகிற இழப்பீடு உங்கள் கட்சிக்காரர் பையிலிருந்து போவதில்லை. கொல்லப்பட்டவர் மனைவிக்கு ஆணைக்குழு அலுவலகம் எந்தக் கட்டடம் என்று கை காட்டுவதால் எந்த வழக்கும் தோற்காது. இது எனக்குப் புரிய ஏழு வருஷம் பிடித்தது.

அந்தம்மா கடைசியில் சம்மதித்தார். மனு நானே எழுதினேன். எஃப்.ஐ.ஆர். நகல் பத்து வருஷப் பழசு, நகல் மனுப் போட்டு அலைந்து வாங்கினேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தீர்ப்பு நகல் எல்லாம் சேர்த்துக் கட்டினேன். அந்த அட்டையும் ஜெயிலில் தைத்ததாகத்தான் இருக்க வேண்டும். கனமான பழுப்பு அட்டை, மூலையில் துணி ஒட்டியது. ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு இளம்பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, “ரொம்ப காலம் கடந்திருக்கு, தாமதத்துக்குக் காரணம்னு தனியா எழுதிக் குடுங்க” என்றார்.

வெளியே வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அந்தம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தாமதத்துக்குக் காரணம் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். உண்மையான காரணம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில், ‘மனுதாரர்க்கு இத்திட்டம் பற்றி எடுத்துச் சொல்வார் யாரும் இல்லாமையால்’ என்று எழுதினேன். படிச்சுக் காட்டுங்க என்றார். படித்தேன்.

“யாரும் இல்லாமலா இருந்தாங்க?” என்று கேட்டுவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இப்படிக்கு,
உங்கள் கட்டைச் சுமந்த ஒரு பழைய குமாஸ்தா